தொள்ளாயிரத்து இருபத்தாறு கல்

ஜெயசீலி மாதம் தவறாமல் திருப்பதிக்குப் போய் வருகிறாள் என்ற செய்தி சித்தூர்ச் சபையில் பரவ மூன்று ஞாயிற்றுக்கிழமைகூடத் தேவைப்படவில்லை. மூன்று தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துப் பெண் அவள். மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கணவன் அசரியா ஹைஸ்கூல் வாத்தியார், அதற்கு மேல் சபைக் கமிட்டியின் செயலாளர். அப்படிப்பட்டவள் ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறி, சாயங்காலம் ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினால் ஊர் என்ன நினைக்கும்? மலை ஏறுகிறாள் என்றது. ஒரே பெண்ணோடு நின்றுவிட்டதே, ஆண் பிள்ளைக்காக வேண்டுதல் என்று ஒருத்தி சொன்னாள். பையில் இருப்பது லட்டுதான் என்று, மோந்து பார்த்தவள்போல, இன்னொருத்தி சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மலைக்குப் போகிறவர்கள் போகட்டும், அது அவர்கள் பக்தி. ஜெயசீலி மலைப் பக்கம் தலை திருப்பியதுகூடக் கிடையாது. அவள் போனது திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் இருந்த சிட்டிபாபுவின் பொம்மைக் கடைக்கு. ஊதல், கிலுகிலுப்பை, சாவி கொடுத்தால் தத்தும் தவளை எல்லாம் தொங்கும் அந்தக் கடையில், மதராசிலிருந்து வரும் பிளாஸ்டிக் கட்டுக்கல் பாக்கெட்டும் வந்துகொண்டிருந்தது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும் சின்னச் சின்னக் கல். மேலே எட்டுக் குமிழ், அடியில் குழி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள். பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுவதற்கென்று செய்தது.

"ரா அம்மா, கொத்த ஸ்டாக் ஒச்சிந்தி," என்று, புதுச் சரக்கு வந்திருப்பதைச் சொல்லி, சிட்டிபாபு ஸ்டூலை இழுத்துப் போடுவார். தெலுங்கில் கூப்பிட்டுத் தமிழில் வியாபாரம் பேசுவது அவர் வழக்கம். முதல் தடவை போனபோது, "பாப்பாவுக்கு எத்தினி வயசும்மா?" என்று கேட்டார்.

"பாப்பாவுக்குப் பன்னெண்டு. கல்லு பாப்பாவுக்கு இல்லே. எனக்கு."

சிட்டிபாபு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "கஸ்டமருக்கு வயசு கீதா இன்னா?" என்று சொல்லிவிட்டு இரண்டாவது பாக்கெட்டையும் பிரித்து வைத்தார். இன்றுவரை ஏன் என்று கேட்காத ஒரே மனிதர் அவர்தான். அதற்காகவே அவள் வேறு கடை தேடவில்லை.

பாக்கெட்டை அப்படியே வாங்கிக்கொண்டு வருகிற ரகம் இல்லை அவள். ஒவ்வொரு கல்லையும் இன்னொன்றோடு பொருத்தி, மேல் கல்லை மட்டும் பிடித்து மூன்று தடவை உதறுவாள். அடிக்கல் விழுந்தால் தள்ளுபடி. ஐம்பதில் முப்பது தேறினால் அதிர்ஷ்டம். தேறாத இருபதையும் சிட்டிபாபு, மொட்டை போட்ட சூட்டில் அழுதுகொண்டு வரும் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு விற்றுவிடுவார். இருவருக்கும் நஷ்டமில்லை.

ஆக, நடந்தது இவ்வளவுதான். ஆனால் சபைக் கமிட்டி 1977 ஆகஸ்டில் அவளை அழைத்து விசாரித்தது. போதகர் கிருபானந்தம் நல்ல மனிதர். அந்தச் சபையார் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஐயர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொருளாளர் இயேசுதாசன், பட்டாளத்திலிருந்து வந்தவர், பத்து வீட்டுக்குக் கேட்கிற தொண்டை. இன்னும் நாலைந்து பெரியவர்கள். செயலாளர் என்ற முறையில் அசரியாவும் இருந்தான். மனைவியை விசாரிக்கிற கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டியவன் அவனே. அவன் தலையைக் குனிந்து பேனாவுக்கு மை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அசரியா கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். யாரோடும் சண்டை இல்லை, யாருக்காகவும் சண்டை இல்லை.

"திருப்பதிக்கு இன்னாத்துக்கும்மா போறே? சபையில பல விதமா பேசிக்கிறாங்க," என்றார் ஐயர்.

அன்று இரண்டாம் சனிக்கிழமை. பை கையிலேயே இருந்தது. வீட்டுக்குக்கூடப் போகவிடாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வரச்சொல்லியிருந்தார்கள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று. ஜெயசீலிக்கு மூக்குநுனி சிவந்தது. பையைத் தலைகீழாகப் பிடித்தாள். கல்லெல்லாம் ஞானஸ்நானப் பதிவேட்டின்மேல் சடசடவென்று கொட்டி மேஜையெங்கும் ஓடியது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்கள். நிம்மதிச் சிரிப்பு. இயேசுதாசன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடக் கடவுளே, பொம்மக் கல்லு. சுகந்திக்கா சிஸ்டர்?"

"எனக்கு."

சிரிப்பு நின்றது.

"வெளையாடறதுக்கா?" என்றார் ஐயர் மெதுவாக, நோயாளியிடம் பேசுவது போல.

"கட்டறதுக்கு."

மேஜையிலும் தரையிலும் சிதறிய கல்லை அவளே குனிந்து குனிந்து பொறுக்கினாள். அந்த மாதம் தேறியது முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் பைக்குள் வந்த பிறகுதான் எழுந்தாள். மலைக்குப் போனாள் என்று சொன்னபோது கோபம் மட்டும்தான் வந்தது. அந்த நிம்மதிச் சிரிப்பு அவளுக்கு அவமானமாக இருந்தது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அசரியா, "சுகந்திக்குன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. ஒரு வார்த்தை. உனக்கு இன்னா கொறஞ்சு போவுது?" என்றான்.

"எனக்குத்தான் கொறஞ்சு போவும்," என்றாள் அவள்.

இந்தக் கல் பைத்தியம் அவளுக்குப் பிடித்தது 1971இல். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார டாக்டரம்மா, தன் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட கல்லையெல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு, "உன் மகளுக்கு" என்று கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு சீமைக் கல். மகள் சுகந்தி இரண்டு நாள் தட்டிப்பார்த்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கீழே கிடந்ததைப் பெருக்க உட்கார்ந்தவள் ஜெயசீலி. எழுந்தபோது அடுப்பில் சாதம் கரிந்திருந்தது, தரையில் நாலு சுவர் நின்றது. அந்த 'டக்' என்ற சத்தம் அவள் விரல் வழியாக ஏறி எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

காரணம் கேட்டால் அவளுக்கு நீட்டி முழக்கிச் சொல்லத் தெரியாது. தியேட்டரில் பதினேழு வருஷமாக அவள் கத்தியை நீட்டுகிறாள், டாக்டர் அறுக்கிறார். ஊசியை நீட்டுகிறாள், டாக்டர் தைக்கிறார். வீட்டில் தட்டை நீட்டுகிறாள், சாப்பிடுகிறார்கள். எடுத்துக் கொடுக்கிற கை அவளுடையது, செய்து முடிக்கிற கை எப்போதும் வேறு யாருடையதோ. இங்கே மட்டும் எடுப்பதும் அவள், வைப்பதும் அவள், தப்பானால் பிரிப்பதும் அவள். இதில் விளையாட்டு என்ன, பைத்தியம் என்ன? பிடித்திருந்தது, கட்டினாள். ஆண்கள் ஞாயிறு மத்தியானம் முழுக்கச் சீட்டு ஆடலாம், அது பொழுதுபோக்காம். இவள் கல் அடுக்கினால் மட்டும் மூளைக் கோளாறாம்.

அந்த வருஷம் அவள் கட்டிக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி. நாலு கால்மேல் நிற்கிற உயரமான தொட்டி. சுலபம் என்று நினைத்துத் தொடங்கினாள், பதினோரு தடவை சரிந்தது. மதராஸ் கல் இரண்டு மாதத்தில் தளர்ந்துவிடும், சீமைக் கல் விடாது. ஆகவே மூலைக்கும் கால் சேரும் இடத்துக்கும் சீமைக் கல், நடுவில் நிரப்ப மதராஸ் கல் என்று அவளாகவே ஒரு முறை கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு தடவை சரிந்தபோதும் உள்ளூர ஒரு சந்தோஷம்தான் வந்தது. ஏன் சரிந்தது என்று தெரிந்துகொண்டு படுக்கப் போவாள்.

முடித்து வைக்கும்போது எண்ணி வைப்பாள். அது தியேட்டர்ப் பழக்கம். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் பஞ்சு, கத்தி, கவ்வி எல்லாவற்றையும் நர்ஸ் எண்ண வேண்டும். எண்ணிக்கை சரி என்று அவள் சொல்லாமல் எந்தப் பெரிய டாக்டரும் மூட முடியாது. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தியேட்டரில் அவள்தான் எஜமானி. வீட்டிலும் பத்துப் பத்தாகக் கோத்து எண்ணி, சரியாக இருந்தால்தான் டின்னுக்கு மூடி போடுவாள். அந்த வருஷக் கடைசியில் தொள்ளாயிரத்து இருபத்தாறு.

விஷயம் கமிட்டியோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அசரியாவின் அக்காள் எலிசபெத் விடுகிறவள் இல்லை. ஞாயிறு பள்ளிக்குத் தலைவி. எழுபது பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் பண்ணவைக்கிறவள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கர்த்தர் கிருபையில கிளாஸ்ல எழுபது பிள்ளைங்க கீது. வெளையாட ஒரு சாமானம் இல்லே. நீ இங்க பூட்டி வெச்சுக்கினு அடுக்கிக்கினு கீறே. பெத்த பொண்ணைக்கூடத் தொட உடறது இல்லியாமே?"

"தொட்டா தொடட்டும் அண்ணி. எண்ணி வெச்சாப் போதும்."

"பாவம், கொழந்தை ஏங்கிப் போயிருக்கும்."

உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சுகந்தி தலையை நீட்டினாள். "எனக்கு வாணாம் அத்தே. அது ஒரே போர். எனக்கு சைக்கிள் வாங்கித் தரச் சொல்லுங்க."

எலிசபெத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உனக்கு வாணாம்னா ஞாயிறு பள்ளிக்குக் குடுக்கட்டுமே. முப்பத்தொம்போது வயசுல ஒரு பொம்பளைக்கு இது இன்னாத்துக்கு?"

"பிள்ளைங்களுக்குப் புதுசா பத்து பாக்கெட் நான் வாங்கித் தரேன் அண்ணி. இந்த மாசமே. இதைக் கேக்காதீங்க."

"புதுசு வாணாம். கையில கீறதைக் குடுக்கிறதுதான் தியாகம்."

"எனக்குப் புடிச்சதை நான் தியாகம் பண்ணமாட்டேன். இது என்னுது."

என்னுது. எலிசபெத்துக்குக் கல்மேல் ஒன்றும் ஆசை கிடையாது. அந்த 'என்னுது'தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. கல்யாணமான பெண் வீடு என்னுது என்பாள், புருஷன் என்னுது என்பாள், பிள்ளை என்னுது என்பாள். யாருக்கும் உதவாத ஒரு டின்னை என்னுது என்று சொல்லி யார் கேட்டது? ஜெயசீலி அசரியாவைப் பார்த்தாள். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது அவளுது அக்கா, விட்டுடு என்று. அசரியா பல் குத்த ஈர்க்குச்சி தேடிக்கொண்டு புழக்கடைக்குப் போய்விட்டான்.

ஜனவரிக் கடைசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் விளைச்சலில் முதலானதைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். நிலக்கடலை, வெல்லம், பூசணி, கோழி, முட்டை. விளைச்சல் இல்லாத உத்தியோகக்காரர்கள் கைவேலை, பலகாரம் என்று வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே வேப்பமரத்தடி மேஜைக்குக் கொண்டுபோய் ஏலம் விடுவார்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு பொருள் வைக்கப்பட்டுவிட்டால் அது கர்த்தருடையது. திரும்ப எடுக்க முடியாது. ஆனால் வைத்தவரே ஏலத்தில் எடுக்கலாம். தன் கோழியைத் தானே விலை கூட்டி எடுப்பது கௌரவம். அப்படி ஒருவர் கேட்டால் மற்றவர்கள் போட்டிக்குப் போகமாட்டார்கள்.

அன்று விடியற்காலையில் குடல்வால் வெடித்த ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். ஜெயசீலிக்கு ஆள் வந்தது, போனாள். பதினோரு மணிக்குப் பையன் பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்த பிறகு, வீட்டுக்குப் போய்ப் பட்டுப்புடவை மாற்ற நேரமில்லாமல், வெள்ளைப் புடவையோடும் டெட்டால் வாசனையோடும் நேராகக் கோயிலுக்கு வந்தாள். ஆராதனை முடிந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் அண்டாவில் கறிச்சோறு தயாராகி மணத்துக்கொண்டிருந்தது.

மேஜையில் இரண்டு பூசணிக்காய்க்கு நடுவில் அவளுடைய பிஸ்கட் டின் இருந்தது. மூடி சரியாக மூடாமல்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கூட்டத்தில் அசரியாவைத் தேடினாள். அவன் கோயில் தூண் பக்கம் நகர்ந்தான். அவளுக்கு எல்லாம் விளங்கியது. அக்காள் கேட்டிருப்பாள், ஐயரும் தலையை ஆட்டியிருப்பார், இவன் இவள் இல்லாத நேரம் பார்த்துத் தூக்கி வந்திருப்பான். காலையில் வாக்குவாதம் இல்லை, வீட்டில் சத்தம் இல்லை. இங்கே இவள் ஏலத்தில் கேட்டு எடுத்துக்கொள்வாள். சபைக்குக் காணிக்கை, அக்காவுக்குச் சந்தோஷம், மனைவிக்குக் கல். எல்லோரையும் திருப்திப்படுத்திவிட்டதாக நினைத்திருப்பான் மனிதன்.

இயேசுதாசனின் தொண்டை முழங்கியது. "சிஸ்டரே வந்துட்டாங்க. அசரியா சார் குடும்பத்துக் காணிக்கை, பொம்மக் கல்லு ஒரு டின்னு. ஒரு ரூபா கேளுங்க சிஸ்டர், உங்களுக்கே முடிச்சுடறேன். வேற யாரும் கேக்கமாட்டாங்க."

கூட்டம் சிரித்தபடி வழிவிட்டது. ஒரு ரூபாய். பர்சிலேயே இருந்தது. கேட்டால் தீர்ந்தது, சாப்பிட உட்காரலாம். ஆனால் ஒரு ரூபாய் கேட்டால் என்ன அர்த்தம்? கொடுத்தது அவள் என்று அர்த்தம். சபை பெரிய மனசு பண்ணித் திருப்பித் தந்தது என்று அர்த்தம். நாளைக்கு எலிசபெத் அந்தக் கதையை எழுபது பிள்ளைகளுக்கும் சொல்லுவாள்.

ஜெயசீலி மேஜைக்குப் போனாள். பூசணிக்காய்களைத் தள்ளி வைத்தாள். டின்னைக் கவிழ்த்தாள். எண்ண ஆரம்பித்தாள்.

பத்துக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து ஒரு தூண். அடுத்த பத்து, அடுத்த தூண். டக், டக், டக். வரிசையாக மேஜைமேல் நிறுத்திக்கொண்டே போனாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சிஸ்டர், ஏலம் பாதியில நிக்குது," என்றார் இயேசுதாசன்.

"நிக்கட்டும்."

"இன்னா பண்றீங்க?"

"எண்றேன்."

அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஏலம் கேட்க வந்தவர்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். கைக்குழந்தைகள் அழுதன. கறிச்சோறு அண்டாவுக்கு மேல் இலையைப் போட்டு மூடினார்கள். தொண்ணூற்றொரு தூணும் நாலு கல்லும்.

"தொள்ளாயிரத்துப் பதினாலு," என்றாள். "பன்னெண்டு கொறையுது."

எலிசபெத் முன்னால் வந்தாள். "கொறஞ்சா இன்னா இப்போ? பிள்ளைங்க எட்த்திருக்கும்."

"கூப்பிடுங்க. கேக்கட்டும்."

பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். ஜேபியைக் காட்டச் சொன்னார்கள். கடலை இருந்தது, ஒரு ஓணான் இருந்தது, கல் இல்லை. டின் பீடத்துப் பக்கம் இருந்ததாம், பிள்ளைகளை எலிசபெத் கிட்டேயே விடவில்லையாம்.

ஐயர் தொண்டையைச் செருமினார். "ஜெயசீலி, பீடத்துக்கு முன்னால வெச்சது கர்த்தருடையதும்மா. நீ இதை எண்ணக் கூடாது."

"கர்த்தருடையதுன்னா கர்த்தருக்காவது முழுசா போய்ச் சேரட்டும் ஐயரே. பழுதுள்ளதைப் படைக்கக் கூடாதுன்னு நீங்கதானே பிரசங்கம் பண்றீங்க. பன்னெண்டு வர்ற வரைக்கும் நான் மூடி போடமாட்டேன். இந்த எடத்தை விட்டு நகரவும் மாட்டேன்."

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரிய பெரிய டாக்டர்களை நிறுத்தி வைத்தவள் அவள். இந்தச் சபை எம்மாத்திரம்? வெயில் உச்சிக்கு ஏறியது. பசி எல்லோரையும் நெளியவைத்தது. ஐயர் ஜெபம் செய்யாமல் சோறு போட முடியாது, ஏலம் முடியாமல் ஜெபம் கிடையாது.

ஐயர் நெற்றியைத் துடைக்க அங்கியின் ஜேபியிலிருந்து கைக்குட்டையை உருவினார். அதோடு சேர்ந்து ஒன்றோடொன்று பொருத்தியிருந்த இரண்டு வெள்ளைக் கல் தரையில் விழுந்தது.

ஐயரின் காதுமடல் சிவந்தது. "காலையில... சும்மா கையில எடுத்துப் பார்த்தேன். பொருந்தற சத்தம் நல்லா இருந்துச்சு. மணி அடிச்சுட்டாங்க, ஜேபில போட்டுக்கினேன்போல," என்றார். எடுத்து மேஜையில் வைத்தார். பிரசங்கம் முழுக்க அவர் வலது கை அங்கிக்குள்ளேயே இருந்ததைக் கவனித்தவர்கள் இப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மூடி மறைக்க என்ன இருக்கிறது? இயேசுதாசன் இருமினார். பாண்ட் ஜேபியில் கைவிட்டு மூன்று மஞ்சள் கல்லை எடுத்து வைத்தார், விளைச்சலை அடுக்கும்போது சின்னதாக ஒரு பீரங்கி செய்து பார்த்தாராம். ஆர்மோனியக்காரர் ஆர்மோனியப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்று கொண்டுவந்தார். ரேணிகுண்டாவில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், கமிட்டியில் மிகவும் கண்டிப்பானவர், வேட்டி மடிப்பிலிருந்து நாலு சிவப்புக் கல்லை எடுத்தார். அவை நாலும் ரயில் பெட்டிபோல நீளமாகக் கோத்திருந்தன. அதைப் பிரிக்காமலே, கொஞ்சம் மனசில்லாமல், வைத்தார். கடைசியில் எலிசபெத்தின் கைப்பைக்குள், பைபிளுக்கும் கைக்குட்டைக்கும் நடுவில், சன்னல் வைத்த ஒரு கல் இருந்தது. "மாடலுக்கு ஒண்ணு இருக்கட்டும்னு வெச்சேன்," என்றாள் அவள், எதற்கு மாடல் என்று சொல்லவில்லை. ஒன்றுகூடப் பிள்ளைகள் கையிலிருந்து வரவில்லை. இத்தனையும் பேரன் பேத்தி எடுக்கிற வயசுக்காரர்களின் ஜேபியிலிருந்து வந்தது. இவர்களில் பலர் ஆகஸ்டில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தவர்கள்.

ஜெயசீலி சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு நிறைய இருந்தது, ஆனால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு," என்றாள். "இன்னும் ஒண்ணு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அசரியா வந்தான். சட்டைப் பையிலிருந்து, பேனாவுக்குப் பின்னாலிருந்து, ஒரு சிவப்புச் சீமைக் கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "ஒண்ணு கொறஞ்சா நீ உட மாட்டேன்னு எனக்குத் தெரியும். அக்கா கேட்டப்போ மாட்டேன்னு சொல்ல முடியலே. அதான் ஒண்ணு எட்த்து வெச்சுக்கினேன். எப்படியும் நீ ஏலத்தை நிறுத்திடுவேன்னு."

நன்றியை எதிர்பார்க்கிற முகம். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். பதினாலு வருஷம் பார்த்த முகம். பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. தெரிந்தும் அவளால் நன்றி சொல்ல முடியவில்லை.

"அப்போ நான் கத்தணும். நான் வெய்யில்ல உக்காந்து எண்ணணும். ஊரே என்னைப் பைத்தியம்னு பாக்கணும். அதுக்கு நீங்க ஒரு கல்லை ஒளிச்சு வெச்சீங்க," என்றாள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "ஒரு வாய் இல்லியா உங்களுக்கு?"

"ஜெயசீலி, எல்லாரும் பாக்கறாங்க. வூட்ல பேசிக்கலாம்."

"வூட்லதான் பதினாலு வருஷமா பேசலியே. இங்க சொல்லுங்க. இது யாருது?"

அசரியா கூட்டத்தைப் பார்த்தான். ஐயரைப் பார்த்தான். அக்காளைப் பார்த்தான். நழுவுவதற்கு எந்தப் பக்கமும் வழியில்லை, இருநூறு பேர் பசியோடு சுற்றி நின்றார்கள். "சபையாருக்கு ஒரு சின்ன விளக்கம்..." என்று ஆரம்பித்தான்.

"விளக்கம் வாணாம். யாருது?"

"என் பெண்சாதியோடது," என்றான். பிறகு, தானாகவே, இன்னும் கொஞ்சம் உரக்க: "அவளைக் கேக்காம தூக்கியாந்தது நான். அவ படைக்கலே. இதுல எனக்குப் பாத்தியம் இல்லே, அக்காவுக்கும் இல்லே."

எலிசபெத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐயர் ஏலப் பட்டியலை வாங்கி, பேனாவால் ஒரு வரியை மெதுவாக அடித்தார். கொடுக்காதது காணிக்கை ஆகாது என்று சொல்லிவிட்டு, பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ நான் இன்னா சொல்லி ஏலம் உடட்டும்?" என்றார் இயேசுதாசன்.

"பூசணிக்காயைச் சொல்லுங்க," என்றாள் ஜெயசீலி.

தூண்களைப் படுக்கவைத்து டின்னில் அடுக்கினாள். கார்டு செய்த ரயிலை மட்டும் ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தாள், நன்றாகத்தான் செய்திருந்தார். அதையும் உள்ளே வைத்து மூடி போட்டாள். அசரியா இரண்டு கையையும் நீட்டினான். "குடு, கனமா கீது. நான் எட்த்துக்கினு வரேன்."

"வாணாம்," என்றாள் அவள், டின்னை இடுப்பில் ஏற்றிக்கொண்டு. "தூக்கியாந்தது நீங்க. தூக்கிக்கினு போறது நான்."